கைவிலங்கு முதல் மயக்க ஊசி வரை: கட்டுப்படுத்தும் முறைகளின் நம்பகத்தன்மை

வன்முறையில் இறங்கிய ஒருவர் தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாதவாறு அவருடைய உடலசைவைத் தடுத்து நிறுத்தும் வழிகள் கட்டுப்படுத்தும் முறைகள் எனப்படுகின்றன. கைவிலங்கு, சங்கிலி, பிளாஸ்டிக் பட்டை, கட்டிலோடு பிணைக்கும் வார், ஆட்களே சேர்ந்து பிடித்து அமுக்குதல், தனியறையில் அடைத்தல், மயக்க ஊசி ஆகியவை இதில் அடங்கும். காவல்துறை, சிறை, மனநல மருத்துவமனை ஆகிய மூன்று இடங்களில் இவை அதிகம் பயன்படுகின்றன.

இவற்றில் எது நம்பகமானது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எதிலிருந்து தப்ப முடியாது என்ற பொருளில்தான் கேட்கிறார்கள். அது பாதிக் கேள்வி. கட்டப்பட்டவர் உயிரோடும் ஊனமின்றியும் இருக்கிறாரா என்பது மறுபாதி. முதல் பாதியில் நூற்றுக்கு நூறு வாங்கிய கருவிகள் இரண்டாம் பாதியில் தேறாமல் போன வரலாறு நிறைய உண்டு.

கைவிலங்கு

பழைய கைவிலங்குகள் ஒரே அளவில் செய்யப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவலாக இருந்த 'டார்பி' விலங்கு திருகுச் சாவியால் பூட்டப்படும் இரும்பு வளையம். பருத்த கையில் அது ஏறாது. மெலிந்த கையில் நிற்காது. இந்தக் குறை ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு லண்டன் பெத்லெம் மனநோய் இல்லத்தில் இருந்த ஜேம்ஸ் நோரிஸ் எடுத்துக்காட்டு. அவருடைய கைகளிலிருந்து சாதாரண விலங்கு நழுவிவிடுகிறது என்று நிர்வாகம் காரணம் சொன்னது. ஆகவே கழுத்துக்கும் உடலுக்கும் இரும்புக் கவசம் பூட்டி, அதை ஒரு தூணோடு சங்கிலியால் பிணைத்து வைத்தார்கள். 1814இல் பார்வையாளர்கள் கண்டுபிடித்தபோது அவர் ஏறக்குறைய பத்தாண்டுகளாக அந்த நிலையில் இருந்தார். அவர் தப்பவில்லை. அந்த அளவில் கருவி நம்பகமானதுதான்! விடுவிக்கப்பட்ட சிறிது காலத்திலேயே அவர் இறந்துபோனார்.

கையின் பருமனுக்கு ஏற்ப இறுக்கக்கூடிய விலங்குக்கு 1862இல் அமெரிக்கரான டபிள்யூ. வி. ஆடம்ஸ் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் வடிவம் பின்னர் 'பியர்லெஸ்' நிறுவனத்தின் வழியே வந்தது. அதன் ஒரு பக்கத்து வளைவில் பற்கள் வரிசையாக இருக்கும். மணிக்கட்டின்மேல் அழுத்தினால் அது சுழன்று மறுபக்கத்தில் போய் மாட்டிக்கொள்ளும். சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீலை நினைத்துக்கொள்ளுங்கள். பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் 'கிர்ர்' என்று ஓடும், முன்னோக்கி மிதித்தால் பிடித்துக்கொள்ளும். விலங்கிலும் அதே தத்துவம்தான். உள்ளே போகும் திசையில் பல் நகரும், வெளியே வரும் திசையில் நகராது.

இந்த அமைப்பில் ஒரு சிக்கல் உண்டு. இறுகும் திசை எப்போதும் திறந்தே இருப்பதால், விலங்கிட்டவர் திமிறினாலோ அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தாலோ அது மேலும் இறுகும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் நரம்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. அது நசுங்கினால் கட்டைவிரலின் பின்புறம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மரத்துப்போகும். இதைத் தடுக்கவே இரட்டைப் பூட்டு வந்தது. சாவியின் நுனியில் உள்ள சிறு முனையால் ஒரு முள்ளை நகர்த்தினால், வளையம் இரு திசையிலும் அசையாமல் நின்றுவிடும். மெல்லிய தகட்டைச் செருகிப் பல்லை விடுவிக்கும் தந்திரமும் அப்போது எளிதில் பலிக்காது. கைதியின் நரம்பைக் காக்கும் அதே முள்தான் காவலரின் பூட்டையும் காக்கிறது. அவசரத்தில் இரட்டைப் பூட்டைப் போடாமல் விட்டால் இரண்டும் போய்விடும்.

எவ்வளவு நல்ல பூட்டானாலும் திறக்கத் தெரிந்தவருக்கு அது திறக்கும். 1904இல் லண்டன் ஹிப்போட்ரோம் அரங்கில், ஒரு பத்திரிகை சவாலாகக் கொண்டுவந்த தனிச்சிறப்பான விலங்கிலிருந்து ஹாரி ஹூடினி ஒரு மணி நேரத்துக்கும் மேல் போராடி வெளியே வந்தார். திரைப்படக் கதாநாயகர்கள் ஹேர்பின்னால் இரண்டே நொடியில் திறந்துவிடுகிறார்கள். அதை மாணவர்கள் நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் கைவிலங்கு ஒரு தற்காலிகக் கருவி என்றுதான் காவல் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். ஓட்டத்தைத் தாமதப்படுத்தும், அடியைக் குறைக்கும், அவ்வளவே. காலால் உதைப்பதையும் தலையால் முட்டுவதையும் அது தடுக்காது.

கூட்டமாகக் கைது செய்யும்போது பிளாஸ்டிக் பட்டைகள் பயன்படுகின்றன. எடை குறைவு, விலை குறைவு, நூறு பட்டைகளை ஒருவரே தூக்கிப் போகலாம். ஆனால் சாதாரணப் பட்டையில் இரட்டைப் பூட்டு கிடையாது, தளர்த்தவும் முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டும் கருவி கைவசம் இல்லாத இடத்தில் கை வீங்கத் தொடங்கினால் நிலைமை மோசமாகிவிடும்.

குப்புறக் கிடத்துதல்

கருவி எதுவும் இல்லாமல் நாலைந்து பேர் சேர்ந்து ஒருவரைத் தரையில் குப்புறத் தள்ளி, முதுகில் ஏறி அமுக்குவது உலகெங்கும் நடக்கிறது. பிடித்து நிறுத்துவதில் இதற்கு இணையான முறை இல்லை. உயிருக்கு ஆபத்து மிகுந்த முறைகளில் முன்வரிசையில் இருப்பதும் இதுவே.

மூச்சை உள்ளிழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்க வேண்டும், விலாக்கூடு விரிய வேண்டும். குப்புறக் கிடப்பவரின் வயிறு தரையில் அழுந்துகிறது. முதுகில் மற்றவர்களின் எடை. கையைப் பின்னால் விலங்கிட்டிருப்பதால் ஊன்றி நிமிரவும் வழியில்லை. அதற்கு முன் ஓடியும் சண்டையிட்டும் இருப்பதால் உடலுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு காற்று தேவைப்படும் நேரம் அது. மூச்சுக்காக அவர் உடலை முறுக்குகிறார். மேலே இருப்பவர்களுக்கு அது திமிறலாகத் தெரிகிறது, இன்னும் அழுத்துகிறார்கள். சற்று நேரத்தில் அவர் அசைவின்றிக் கிடக்கிறார். அடங்கிவிட்டார் என்று நினைக்கிறார்கள்.

ஆசிரியப் பணியில் இருந்தபோது, விளையாட்டுத் திடலில் வெறிகொண்டு அடித்துக்கொண்ட ஒரு மாணவனை மூன்று பேர் இப்படி அமுக்கிப் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் திறமையால் அல்ல என்பது பல ஆண்டுகள் கழித்து இந்த விவரங்களைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கைவிலங்கிட்டதும் ஒருவரைக் குப்புறக் கிடத்தாமல் உடனே திருப்பிவிட வேண்டும் என்று அமெரிக்க நீதித்துறை 1995லேயே காவல்துறையினருக்குக் குறிப்பு வெளியிட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2020 மே 25 அன்று, மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கைகள் பின்னால் விலங்கிடப்பட்டுச் சாலையில் குப்புறக் கிடத்தப்பட்டார். அதிகாரியின் முழங்கால் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக அவர் கழுத்தில் இருந்தது. பக்கவாட்டில் திருப்பலாமா என்று உடனிருந்த அதிகாரி ஒருவர் கேட்டார். நாடித்துடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் முழங்கால் எடுக்கப்படவில்லை. விலங்கு அன்று சரியாகவே வேலை செய்தது. அது பூட்டிய பிறகும் ஆட்கள் எழுந்திருக்கவில்லை.

வார், சட்டை, சங்கிலி

மனநோய் இல்லங்களில் இரும்புச் சங்கிலியை முதலில் அகற்றியவர் பிலிப் பினெல் என்று பாடநூல்களில் படித்திருப்போம். பாரிசின் பிசெத்ர் இல்லத்தில் 1797இல் அதைச் செய்தவர் உண்மையில் அங்கே கண்காணிப்பாளராக இருந்த ழான் பாப்டிஸ்ட் புஸ்ஸேன். அவர் ஒரு காலத்தில் அதே இல்லத்தில் நோயாளியாக இருந்தவர். சங்கிலிக்குப் பதிலாக அவர் பயன்படுத்தியது, நீண்ட கைகளை உடலைச் சுற்றிக் கட்டிவிடும் தடித்த துணிச்சட்டை. இரும்பைவிட அது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவும் ஆள் உயிரைக் குடித்தது.

1829இல் இங்கிலாந்தின் லிங்கன் நகர மனநோய் இல்லத்தில் ஒரு நோயாளி, இரவு முழுவதும் சட்டையோடு கட்டிலில் பிணைக்கப்பட்டு, யாரும் பார்க்காமல் விடப்பட்டு, காலையில் இறந்து கிடந்தார். அதன்பின் நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது. இரவில் யாரையாவது கட்டிவைத்தால் ஒரு பணியாளர் அந்த அறையிலேயே உடனிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நடந்ததுதான் வியப்பு. தாம் கண்விழித்து உட்கார வேண்டும் என்றானதும், பெரும்பாலான நோயாளிகளைக் கட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று! அங்கே பணியாற்றிய ராபர்ட் கார்டினர் ஹில் 1838க்குள் கட்டும் வழக்கத்தை முற்றிலும் ஒழித்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த ஜான் கானலி, 1839இல் லண்டனை அடுத்த ஹான்வெல் இல்லத்திலும் அவ்வாறே செய்தார். அது நூற்றுக்கணக்கானோர் தங்கிய பெரிய இல்லம்.

எந்தக் கட்டானாலும் அருகில் ஆள் இல்லையென்றால் நம்ப முடியாது என்பதற்குத் தமிழ்நாட்டில் மறக்க முடியாத சான்று ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் எவரையும் தாக்கியதற்காகக் கட்டப்பட்டவர்கள் அல்லர். இரவில் எழுந்து எங்காவது போய்விடுவார்கள் என்பதற்காகக் கட்டப்பட்டவர்கள். எழுந்து போக முடியாதபடி சங்கிலி அவர்களைப் பிடித்துக்கொண்டது.

இன்றைய மருத்துவமனைகளில் மெத்தை வைத்த துணி அல்லது தோல் வார்களால் கை கால்களைக் கட்டிலோடு கட்டுகிறார்கள். நெடுநேரம் அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கக்கூடும். அமெரிக்காவில் 'ஹார்ட்ஃபோர்ட் கோரன்ட்' நாளிதழ் 1998இல் வெளியிட்ட தொடர், மனநல நிலையங்களில் பத்தாண்டுகளில் கட்டுப்பாட்டிலோ தனியறையிலோ இருந்தபோது நேர்ந்த 142 இறப்புகளைத் தேடி எடுத்துக் கணக்குக் காட்டியது. அந்த நாட்டு விதிகள் அதன் பிறகே கடுமையாயின.

தனியறையும் மயக்க ஊசியும்

கட்டுவதா, தனியறையில் வைப்பதா என்பதை நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகள் மிகக் குறைவு. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் 105 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. தனியறைக்கு அனுப்பப்பட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரைக் கடைசிவரை கட்டாமலேயே சமாளிக்க முடிந்தது.

ஊசி விஷயத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பங்கு குறிப்பிடத்தக்கது. வன்முறையாக நடந்துகொண்ட 200 நோயாளிகளிடம் லோரசிபாம் ஒரு பக்கமும், ஹாலோபெரிடால், புரோமெத்தசின் சேர்ந்த கலவை மறுபக்கமும் ஒப்பிடப்பட்டன. 2004இல் வெளியான முடிவின்படி இரண்டுமே பெரும்பாலானோரை அமைதிப்படுத்தின. கலவை விரைவாகத் தூக்கத்தைக் கொடுத்தது. ஆனால் ஊசிக்கும் கண்காணிப்பு வேண்டும். 2019இல் கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில், காவலர்கள் பிடித்துவைத்திருந்த எலைஜா மெக்ளெய்ன் என்ற இளைஞருக்கு மருத்துவ உதவியாளர்கள் அவர் எடைக்கு மிகுதியான அளவில் கெட்டமின் செலுத்தினர். அவருடைய இதயம் நின்றது. சில நாள்களில் அவர் இறந்தார்.

இந்தியச் சட்டம்

பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் 1980இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, வழக்கமாக எல்லாருக்கும் விலங்கிடுவது அரசியலமைப்புக்கு முரணானது என்றது. தப்பிவிடுவார் என்பதற்குத் தெளிவான காரணம் இருக்க வேண்டும், அதை எழுதி வைக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு எவ்வளவு கடைப்பிடிக்கப்பட்டது என்பதை 1995 அசாம் வழக்கு காட்டியது. குவாஹாட்டி மருத்துவமனையில் ஏழு கைதிகள், வாசலில் காவல் இருந்தும், விலங்கோடு கட்டிலில் கட்டப்பட்டிருந்ததைப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் நேரில் கண்டு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல் கைதிகளுக்கு விலங்கிடக் கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவோ, திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர், காவலிலிருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்கொடுமை, பயங்கரவாதம் போன்ற குற்றங்களில் கைதாகுபவர் ஆகியோருக்கு விலங்கிட இடம் தருகிறது. பழைய தீர்ப்புகளின் வேகத்தை இது குறைத்துவிட்டது என்பது என் கருத்து.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இன்னும் தெளிவானது. எந்த வடிவிலும் சங்கிலியிடுவதையும் தனிமைச் சிறை போல அடைத்து வைப்பதையும் அது அடியோடு தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகவும் கட்டக் கூடாது. கட்டப்பட்டவர் மருத்துவப் பணியாளரின் தொடர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

வீட்டில் ஒருவரைச் சமாளிக்க முடியாமல் அறையில் பூட்டியோ கட்டியோ வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பதில் பயனில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும். அவசரத்துக்கு 108 உண்டு. மனநோயால் தமக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் உள்ளவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல்துறையின் கடமை என்று இதே சட்டத்தின் 100ஆம் பிரிவு சொல்கிறது. அதுவரை அவரை லாக்கப்பிலோ சிறையிலோ அடைத்து வைக்க அனுமதி இல்லை.