பெயர்ச் சர்வரும் அதன் பரிசோதனையும்

கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று இலக்கங்களால் அறிகின்றன. மனிதரோ பெயர்களையே நினைவில் கொள்கின்றனர். இணையத்தின் முன்னோடியான வலையில் பெயர்களும் இலக்கங்களும் அடங்கிய ஒரே பட்டியலை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையம் பராமரித்து வந்தது. ஏனையோர் அதைப் பிரதி எடுத்துக்கொள்வர். பட்டியல் பெருகப் பெருக இம்முறை தளர்ந்தது. 1983-ம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். முறை, அந்தந்தப் பகுதியின் பெயர்களை அந்தந்தப் பகுதியினரே காக்குமாறு பொறுப்பைப் பங்கிட்டது.

பள்ளியின் கம்ப்யூட்டர் அறையிலும் இத்தகைய சர்வர் ஒன்றை அமைக்கலாம். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸும், 'பைண்டு' என்னும் புரோகிராமும் இருந்தால் போதும். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. உள்வலைகளுக்கென 2024-ல் ஒதுக்கப்பட்ட 'இன்டர்னல்' என்னும் ஈற்றைக் கொண்டு 'பள்ளி.இன்டர்னல்' என்று பெயரிடலாம். (கோப்பில் இவற்றை ஆங்கில எழுத்துக்களில் எழுதவேண்டும்.) மண்டலக் கோப்பில் நூலகக் கம்ப்யூட்டரின் பெயரையும், 192.168.1.20 போன்ற அதன் முகவரியையும் பதிந்துவிட்டால் நிறுவும் வேலை பெரும்பாலும் முடிந்தது. பரிசோதனையே பெரிய வேலை.

'நூலகம்.பள்ளி.இன்டர்னல்' என முழுப்பெயர் எழுதி, இறுதியில் புள்ளி இட மறந்தால், சர்வர் மண்டலப் பெயரை மீண்டும் ஒட்டி, 'நூலகம்.பள்ளி.இன்டர்னல்.பள்ளி.இன்டர்னல்' என்று கொள்ளும். 'நேம்டு-செக்ஸோன்' என்ற சோதனைக் கட்டளை இதைக் குற்றமாகக் கருதாது. ஏனெனில் இலக்கணப்படி அதுவும் செல்லத்தக்க பெயரே. ஆகவே 'டிக்' என்ற கட்டளையால் பெயரைக் கேட்டே பார்க்கவேண்டும். சர்வரின் முகவரியை '@' குறியுடன் சேர்த்துக் கேட்பது அவசியம். இல்லாவிடில், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் 127.0.0.53 என்ற முகவரியில் இருக்கும் இடைத்தரகு புரோகிராமே வினாவைப் பெற்றுக்கொள்ளும். விடையில் 'ஏஏ' என்ற குறி காணப்பட்டால், அம்மண்டலத்துக்கு உரிய சர்வர் நேரே தந்த விடை அது என அறியலாம்.

சர்வர் உள்ள கம்ப்யூட்டரிலேயே சோதித்துத் திருப்தி அடைவது தவறு. ரெட்ஹாட் வகை லினக்ஸில் பைண்டு தொடக்கத்தில் தன் கம்ப்யூட்டருக்கு மட்டுமே செவி சாய்க்கும். அங்கே விடை கிடைக்கும், பக்கத்து மேசையில் கிடைக்காது. மற்றொரு கம்ப்யூட்டரிலிருந்து கேட்டு, 53-ம் வாயில் யு.டி.பி., டி.சி.பி. இரண்டுக்கும் திறந்துள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும். ஆயினும் வெளியுலகம் முழுவதற்கும் அதைத் திறந்து வைத்தலாகாது. பிறரைத் தாக்குவோர் அதையே கருவியாக்கிக் கொள்வர்.

கோப்பைத் திருத்தும்போதெல்லாம் அதன் வரிசை எண்ணை உயர்த்தவேண்டும். இன்றேல் துணைச் சர்வர் பழைய பிரதியையே வைத்திருக்கும். மேலும், விடைக்குரிய ஆயுள் 86400 வினாடி எனக் குறித்திருந்தால், தவறான முகவரியும் ஒரு நாள் வரை பிறர் நினைவில் தங்கக்கூடும். எனவே பரிசோதனைக் காலத்தில் 300 வினாடி போதும். பதிவு செய்யுமுன்னரே ஒரு பெயரைக் கேட்டால் கிடைக்கும் 'இல்லை' என்னும் விடையும் இவ்வாறே நினைவில் வைக்கப்படும். அதன் காலம் மண்டலத்தின் தலைப்புப் பதிவில் தனியே குறிக்கப்படுகிறது.