ஒற்றைத் தலைவலி... மாத்திரையே வலியைக் கூட்டலாம்!

‘பித்தம் ஏறிடுச்சு’, ‘வெயில்ல போயிட்டு வந்தேன், அதான்’, ‘சைனஸா இருக்கும்’... தலைவலிக்குக் காரணம் சொல்ல நம் வீடுகளில் பஞ்சமே இல்லை. தைலத்தைத் தேய்த்து, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள் பெண்கள். எப்போதாவது என்றால் பரவாயில்லை. வாரத்தில் மூன்று, நான்கு நாள்கள் மாத்திரை தேவைப்படுகிறது என்றால், அந்த மாத்திரையே வலிக்குக் காரணமாகியிருக்கலாம்.

எது மைக்ரேன்?

பெயர்தான் ஒற்றைத் தலைவலி. இரண்டு பக்கமும் வலிக்கலாம். விண் விண்ணென்று தெறிக்கும் வலி, மாடிப்படி ஏறினால் அதிகமாவது, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல் இருட்டறையைத் தேடுவது ஆகியவை இதன் அடையாளங்கள். சிகிச்சை எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலி தொடங்கும் முன் கண்ணில் நெளிநெளியாக ஒளிக்கோடுகள் தெரியும். இதை ‘ஆரா’ என்கிறார்கள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிவதும் உண்டு என்பதால், பலர் சைனஸ் என்றே நினைத்துவிடுகிறார்கள்.

இது வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் சாக்கு அல்ல. குடும்ப வழியாகவும் வரக்கூடிய நரம்பியல் பிரச்னை. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் அளவு குறையும் நாள்களில் பலருக்கும் வலி வருகிறது.

எல்லை எது?

பாராசிட்டமால், இபுப்ரூஃபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, டிரிப்டான் வகை அல்லது பல மருந்துகள் கலந்த மாத்திரைகளை 10 நாள்களோ அதற்கு மேலோ எடுப்பது மூன்று மாதங்களைத் தாண்டினால் ஆபத்து. மாத்திரையின் வேகம் குறைந்ததும் வலி திரும்பும். இன்னொரு மாத்திரை, மீண்டும் வலி எனச் சுழல் தொடரும். அதை நிறுத்தும்போது முதல் சில நாள்கள் வலி கூடும் என்பதால், மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே நல்லது.

அதற்காக, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துவிட்டுக் கடைசியில் மாத்திரை போடுவதும் சரியல்ல. மருத்துவர் சொன்ன அளவில், வலி தொடங்கியதுமே எடுத்தால்தான் பலன் கிடைக்கும்.

காலண்டரில் எழுதுங்கள்

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரே போதும். வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ‘மா’, மாதவிலக்கு நாளுக்கு ஒரு கோடு. முந்தைய நாள் தூக்கம் கெட்டதா, விரதமா, காலைச் சாப்பாடு தள்ளிப்போனதா, தலைக்குக் குளித்தீர்களா, வெயிலில் அலைந்தீர்களா என்பதையும் ஒரு வார்த்தையில் குறியுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் வலியைத் தூண்டுவது எது என்று புலப்படும். பிறகு அதை மட்டும் தவிர்த்தால் போதும். பிடித்ததையெல்லாம் விட வேண்டியதில்லை.

மாதத்தில் நான்கு நாள்களுக்கு மேல் வலி முடக்கிப்போட்டால், தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் எனப் பல உண்டு. பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். ஆஸ்துமா இருந்தாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆரா உள்ளவர்கள் கருத்தடை மாத்திரை எடுத்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் கலந்தவை அவர்களுக்குப் பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.

உடனே மருத்துவமனைக்கு!

இடி விழுந்ததுபோல் திடீரென உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலுடன் கழுத்து இறுக்கம், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி... இவற்றுக்குத் தைலத்தைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. கர்ப்ப காலத்திலோ 50 வயதுக்கு மேலோ முதன்முறையாக வரும் கடும் தலைவலியையும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

மற்றபடி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தக் காலண்டரையும் எடுத்துச் செல்லுங்கள். ‘அடிக்கடி வலிக்குது டாக்டர்’ என்பதைவிட, அதிலிருக்கும் வட்டங்களும் ‘மா’க்களும் அவருக்குத் தெளிவாக எடுத்துச்சொல்லும்.