கருவுற்ற காலத்து நீரிழிவும் எல்லைப்புறத் தாய்மாரும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இவர்களுள் சிலர், பேறுகாலத்தில் பொள்ளாச்சி, போடிநாயக்கனூர் போன்ற எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களில் அமைந்த தாய்வீட்டிற்குச் செல்வதும் உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவு செய்து, மறு மாநிலத்தில் மகப்பேறு அடையும் தாய்க்கு நீரிழிவு இருப்பின், தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினா எழுகிறது.

கருவுற்ற காலத்தில் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினின் ஆற்றலைக் குறைக்கின்றன. கணையம் அதற்கு ஈடுகொடுக்க இயலாதபோது இரத்தச் சர்க்கரை உயருகிறது. டாக்டர் வி. சேஷய்யா குழுவினர் தமிழ்நாட்டில் நடத்தி, 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய் நகர்ப்புறக் கருவுற்ற பெண்களில் 17.8 சதவீதத்தினருக்கும், கிராமப்புறத்தில் 9.9 சதவீதத்தினருக்கும் காணப்பட்டது.

பேறுகால இரத்தப் போக்கைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, கருவுற்ற பெண்ணின் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் தன்மையைப் பெறுகிறது. ஃபைப்ரினோஜன் முதலிய உறைபொருள்கள் பெருகுகின்றன; உறைகட்டியைக் கரைக்கும் ஆற்றல் குறைகிறது. மிகுந்த சர்க்கரை, இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதித்து, இப்போக்கை மேலும் வலுப்படுத்தக்கூடும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத் திணறலும் தோன்றினால் உடனே மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.

நரம்பு மண்டலத்தின் பாதிப்போ மெல்ல நிகழ்வது. நீடித்த மிகைச் சர்க்கரை, நரம்புகளுக்கு ஊட்டமளிக்கும் நுண்குழாய்களைச் சிதைக்கிறது. சில மாதங்களில் இந்நிலை வருவது அரிது. ஆனால் இத்தாய்மாருக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 7 முதல் 10 மடங்கு அதிகம். குழந்தைக்கோ பிறந்தவுடன் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். அதைக் கவனியாது விட்டால் மூளை பாதிக்கப்படலாம்.

தமிழ்நாடு 2007-இல் அனைத்துக் கருவுற்ற பெண்களுக்கும் இச்சோதனையை விரிவுபடுத்தியது. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2014-இலும், திருத்தமாக 2018-இலும் வெளிவந்தன. அவற்றின்படி, 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி 2 மணி நேரம் கழித்து அளவு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உறுதியாகிறது. முதல் வருகையிலும், 24 முதல் 28 வாரங்களிலும் சோதனை தேவை. மகப்பேற்றுக்கு 6 வாரங்களுக்குப் பின் மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

எல்லைப்புறத்தில் தவறிப்போகும் அபாயமுடையது இந்த இறுதிச் சோதனையே. தாய்சேய் பாதுகாப்பு அட்டையில் முடிவுகளைத் தெளிவாகக் குறித்தலும், இரு மாநிலப் பணியாளரும் அவ்வட்டையை ஏற்றுச் செயற்படுதலும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை. தாய் எல்லையைக் கடக்கும்போது அவருடைய மருத்துவக் குறிப்பும் உடன் கடத்தல் வேண்டும்.