ஹெட் கேஸ்கட் போனால்

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம் போன்ற மாநிலங்களில் ஏராளமான வயல்கள் இதை நம்பி இருக்கின்றன. குஜராத்தில் ராஜ்கோட், உத்தரப் பிரதேசத்தில் ஆக்ரா போன்ற ஊர்களில் இவற்றைச் செய்கிறார்கள். ஒரே சிலிண்டர். 5 அல்லது 6 குதிரைத்திறன். தண்ணீர் ஓடி சூட்டைத் தணிக்கும்.

பயிர் வாடும் நேரத்தில்தான் இஞ்சின் படுத்துக்கொள்ளும். மெக்கானிக் "நாளைக்கு வருகிறேன்" என்பார். அந்த நாளை வர நாலு நாள் ஆகும். போனது ஹெட் கேஸ்கட் மட்டும்தான் என்றால் நாமே மாற்றலாம். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். முதல் தடவை என்றால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

கேஸ்கட் என்றால் என்ன?

பிரஷர் குக்கர் மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறது. அது கிழிந்தால் ஆவி வெளியேறும். சோறு வேகாது. இஞ்சினிலும் அப்படித்தான். சிலிண்டரின் மூடிக்கு ஹெட் என்று பெயர். சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு தகடு இருக்கும். அதுதான் ஹெட் கேஸ்கட். உள்ளே எரியும் வாயு வெளியே வராமலும், தண்ணீர் உள்ளே போகாமலும் அது தடுக்கிறது.

அது போய்விட்டதை எப்படி அறிவது? ஹேண்டில் லேசாகச் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. தண்ணீர்த் தொட்டியில் குமிழி வரும். வெளியே ஒழுகாமலே தண்ணீர் குறையும். சைலன்சரில் வெள்ளையாக ஆவி வந்துகொண்டே இருக்கும். ஆயில், பால் கலந்த டீ போல மாறினால் அதில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். சில சமயம் ஹேண்டில் பாதியில் நின்றுவிடும். அப்போது பலம் கொண்டு சுற்றாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. கம்பிதான் வளையும்.

ஏன் போனது?

இதைக் கேட்காமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் புதியதும் போகும். பல இடங்களில் பம்பு இறைக்கும் தண்ணீரிலிருந்தே ஒரு சிறு குழாய் இஞ்சினுக்குப் போகிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கினால் பம்பு இறைக்காது. இஞ்சினுக்கும் தண்ணீர் நிற்கும். ஆனால் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். சூடேறி ஹெட் வளையும், கேஸ்கட் கருகும். பதறிப்போய்க் கொதிக்கும் இஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடித்தே போகலாம். உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து துளைகளை அடைப்பதும் ஒரு காரணம். நட்டுகள் தளர்ந்திருப்பது இன்னொன்று.

கழற்றும்போது

இஞ்சின் முழுவதும் ஆறட்டும். தண்ணீரை வடியுங்கள். டீசல் குழாயை மூடுங்கள். சுத்தமான சாக்கை விரித்து, கழற்றியதை எல்லாம் கழற்றிய வரிசையில் வையுங்கள். புஷ் ராடு இரண்டு இருக்கும். எது எந்தப் பக்கம் என்று அடையாளம் போடுங்கள். நாசிலையும் டீசல் குழாயின் வாயையும் சுத்தமான துணியால் கட்டுங்கள். மண் போனால் அது தனிச் செலவு. நாசில் பீய்ச்சும்போது கையை எதிரே காட்டவே காட்டாதீர்கள். அந்த டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

ஹெட் நட்டுகளை ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் மரக்கட்டையால் பக்கவாட்டில் தட்டுங்கள். உளியை நுழைத்து நெம்பினால் முகம் கெடும். ஹெட் கனமானது. இருவர் சேர்ந்து தூக்குங்கள்.

பழைய கேஸ்கட்டைப் பாருங்கள். கருப்புக் கோடு ஓடிய இடத்தில்தான் வாயு கசிந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை. பழைய கேஸ்கட்டுகளில் செம்புத் தகட்டுக்கு நடுவே கல்நார் இருக்கும். அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துக்கூடக் கொடிய நோய் வரும். எனவே தண்ணீரால் நனைத்து எடுங்கள். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி, குழந்தைகள் எடுக்காதபடி அப்புறப்படுத்துங்கள். புதியது வாங்கும்போது கல்நார் இல்லாததைக் கேளுங்கள்.

பாதி வேலை சுத்தம்தான்

சிலிண்டர் வாயில் துணியை அடைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முகங்களையும் ஈரத்தோடு, மழுங்கிய மரச்சீவலால் துடையுங்கள். அரம் வேண்டாம். தண்ணீர்த் துளைகளில் உப்பு இருந்தால் குத்தி எடுங்கள். பிறகு ஒரு ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை ஹெட்டின் மேல் நீளமாக, குறுக்காக, மூலைக்கு மூலையாக நிறுத்திப் பாருங்கள். கீழே 0.1 மில்லிமீட்டர் பீலர் கேஜ் நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது. லேத் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வெடிப்பு பார்க்க மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தூவுங்கள். ஈரக்கோடு தெரிந்தால் வெடிப்பு. வெடிப்போ, முறிந்த ஸ்டட்டோ இருந்தால் அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அது முதல்தடவைக்காரர் வேலை அல்ல.

பூட்டும்போது

பழைய கேஸ்கட்டைக் கடைக்குக் கட்டியபடியே கொண்டுபோங்கள். புதியதில் துளைகள் அப்படியே பொருந்த வேண்டும். கனமும் அதே கனம். கனம் கூடினால் இஞ்சின் பிடிக்கச் சிரமப்படும். குறைந்தால் பிஸ்டன் மேலே இடிக்கலாம். சிலர் இரண்டு கேஸ்கட்டைச் சேர்த்துப் போடுவார்கள். அது சரியல்ல.

துணியை எடுத்தீர்களா? மறக்கிறவர்கள் உண்டு.

ஹெட்டை நேராக இறக்குங்கள். நட்டுகளைக் கையால் முடுக்கிய பிறகு, எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்குங்கள். முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு பங்கு, கடைசியில் முழு இறுக்கம். எவ்வளவு என்று இஞ்சின் புத்தகத்தில் இருக்கும். டார்க் ரெஞ்சை ஒரு நாள் இரவல் வாங்குங்கள். "கையாலேயே தெரியும்" என்பவர் பல இஞ்சின் பார்த்தவர். முதல் தடவை செய்பவருக்கு அது தெரியாது.

புஷ் ராடுகளை அதனதன் இடத்தில் வைத்து, வால்வு இடைவெளியைப் புத்தகத்தில் உள்ளபடி அளந்து வையுங்கள். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். எங்கும் இடிக்கக் கூடாது. ஆயில் கெட்டிருந்தால் மாற்றுங்கள். டீசல் குழாயில் காற்றை எடுத்துவிட்டுக் கிளப்புங்கள்.

பாரம் இல்லாமல் 15 நிமிடம் ஓடட்டும். தொட்டியில் குமிழி வரக் கூடாது. நிறுத்தி முழுதாக ஆறிய பிறகு, மறுபடி இறுக்கச் சொல்லிப் புத்தகத்தில் இருந்தால் அதே வரிசையில் இறுக்குங்கள். இறுக்கியதும் வால்வு இடைவெளி குறைந்திருக்கும். அதை இன்னொரு முறை அளந்து சரிசெய்த பிறகே பம்போடு பெல்ட்டை மாட்டுங்கள்.