பார்வை விலங்கும் வேட்டுவர் வாழ்க்கையும்

ஓரினத்து விலங்கைக் கொண்டே அவ்வினத்து விலங்கை வசப்படுத்தும் வேட்டைமுறையைப் பழந்தமிழர் நன்கறிந்திருந்தனர். அதற்கெனப் பழக்கிக் கட்டிவைக்கப்படும் விலங்கைச் சங்கச் செய்யுள்கள் ‘பார்வை’ எனக் குறிக்கின்றன.

இம்முறையின் அடிப்படை எளியது. தன்னினம் அமைதியாக நிற்குமிடத்தை அச்சமற்ற இடமெனக் காட்டுவிலங்கு கொள்கிறது. இணைசேரும் பருவத்திற் பெண்மான் ஆண்மானை மேலும் ஈர்க்கிறது. ஆதலாற் பார்வை அம்பெல்லைக்குள் நிற்றல் வேண்டும். வேட்டுவன் மறைந்திருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது மிரளாதிருத்தல் வேண்டும். மனித வாடைக்குப் பழகாத மான் துள்ளித் திமிறி, வரும் மானையும் ஓட்டிவிடும். எனவே, பிடித்தல், தீனியிட்டு வளர்த்தல், பழக்குதல் என நெடுநாள் உழைப்பு வேட்டைக்கு முன்னரே செலவாகிறது. மனித வரலாற்றின் தொடக்க காலத்திற் பழக்கப்பட்ட விலங்குகள் முதன்மையான உழைப்புக் கருவிகளுள் அடங்கின என ‘மூலதனம்’ முதற் தொகுதியில் (1867) மார்க்ஸ் கூறுவது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பார்வையும் உயிருள்ள ஓர் உழைப்புக் கருவியே.

இக்கருவி நின்ற முற்றங்கள் இரண்டினை நோக்குவோம். பெரும்பாணாற்றுப்படையில் வரும் எயினர் முற்றத்திலே, பார்வை கட்டப்பட்ட விளாமரத்தின் அடி தேய்ந்திருக்கிறது. அதன் நிழலில் நில உரல். இரும்புப் பூணிட்ட கோலாற் கரம்பையைக் கிளறிச் சேர்த்த புல்லரிசியை எயிற்றியர் அதிற் குற்றி, உவர்நீரில், வாயுடைந்த பானையிற் சமைக்கின்றனர்.

வீரை வெளியனாரின் புறநானூற்றுச் செய்யுளில் (320) நிலைமை வேறு. வேட்டுவன் அயர்ந்துறங்குகிறான். கலைமான் ஒன்று வந்து பார்வைப் பிணையோடு விளையாடுகிறது. கருவி தன் பணியைச் செய்துவிட்டது; ஆயினும் மனைவி கணவனை எழுப்பவில்லை. அவன் விழித்தால் இணை பிரியுமென அஞ்சி, மனையில் நடமாடாது ஒடுங்கி நிற்கிறாள்.

இதனைப் பெண்மையின் இயல்பான அருளாக மட்டும் போற்றுதல் போதுமானதன்று. அதே முற்றத்தில் மான்தோலின்மேல் தினை காய்கிறது. கானக்கோழி அதனைக் கவர்ந்துண்ணுகிறது. அடுத்த வேளை உணவு அக்கலைமானை மட்டும் நம்பியிருக்கவில்லை. பசியின் நெருக்குதல் சற்றே தளர்ந்த அவ்விடத்திலேதான், கருவியாக வளர்க்கப்பட்ட பிணை அவளுக்குத் துணையுள்ள ஓர் உயிராகத் தோன்ற முடிகிறது. இதனால் அவளுடைய அருள் சிறுமையுறுவதில்லை. வேட்டையாற் கிடைக்கும் ஊனை அவள் உண்மையாகவே விட்டுக்கொடுக்கிறாள். புல்லரிசி குற்றும் எயிற்றிக்கோ அவ்வாறு விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. ஆகவே, வேட்டுவர் பாடல்களின் உணர்வை ஆராய்வோர் அவர்தம் உணவையும் உடன் ஆராய்தல் வேண்டும் என்பதே நமது கருத்தாகும்.