மார்த்தாண்டத்துத் தேனும் எட்டாயிரம் எழுத்துகளும்

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் தாராவியில் கொரோனா நுழைந்தபோது ‘மரபணு வரிசை’ என்னும் சொல்லைப் பெரும்பாலோர் கேட்டதில்லை. அடுத்த ஆண்டே சிஞ்சுபோக்ளியிலுள்ள கஸ்தூர்பா மருத்துவமனையில் மாநகராட்சி அதற்கென ஓர் ஆய்வகத்தைத் திறந்தது. டெல்டா, ஓமிக்ரான் என்று செம்பூரின் தேநீர்க் கடைகளிலும் பேச்சு நடந்தது. மனிதர்க்கு வரும் வைரசுகளைப் போலவே, பூச்சிகளைக் கொல்லும் வைரசுகளையும் அறிவியலார் எழுத்தெழுத்தாகப் படித்து வந்தனர் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவற்றுள் ஒன்று நம் தென்கோடிக் குடும்பங்கள் பலவற்றின் வருவாயைப் பறித்தது.

மாட்டுங்காவின் தமிழர் கடைகளில் மார்த்தாண்டம் தேன் என்று கேட்டு வாங்குவோர் உண்டு. குமரி மாவட்டத்தில் தேனீ வளர்ப்பு தழைத்ததற்கு, 1920களில் மார்த்தாண்டத்து ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் மேற்கொண்ட ஊரகப் பணி பெருங்காரணம். பாதிரியார் நியூட்டன் வடிவமைத்த சிறிய மரப்பெட்டியில் நம் நாட்டு அடுக்குத் தேனீ நன்கு பொருந்தி வாழ்ந்தது. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் பருவத்தில் அதன் இலைக்காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். பெட்டிகளை ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் வைத்து, சில வாரங்களில் ஆண்டின் பெரும்பங்குத் தேனை எடுத்துவிடுவார்கள். நிலமில்லாதவரும் செய்யத்தக்க தொழில் இது.

1991, 92ஆம் ஆண்டுகளில் அந்தப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின. கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் வளர்க்கப்பட்ட அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தன என்பது ஆய்வாளரின் மதிப்பீடு. காரணம் ‘தாய் சாக்புரூட்’ எனப்படும் வைரஸ் நோய். இங்கே ‘தாய்’ என்பது தாய்லாந்தைக் குறிக்கும். 1976இல் அந்நாட்டில் கண்டறியப்பட்ட இந்நோய், 1978இல் நம் வடகிழக்கில் தென்பட்டது. இமயத்தின் அடிவாரத்தைக் கடந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் தெற்கை எட்டியது.

நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாறுவதில்லை. உரியவேண்டிய தோல் உரியாமல், அதனடியில் நீர் கோத்துக்கொள்கிறது. இடுக்கியால் தூக்கினால் நீர் நிரம்பிய சிறு பை போலத் தொங்கும். உலர்ந்தபின் படகின் வடிவில் சுருங்கும். இறந்த புழுவை அப்புறப்படுத்தும் இளந்தேனீயே அடுத்த புழுவுக்கு உணவூட்டுகிறது. கூட்டைத் தூய்மையாக வைக்கும் பழக்கமே நோயைப் பரப்பும் வழியாகிறது. இதற்கு மருந்து இல்லை. இராணித் தேனீயைச் சில நாள் கூண்டிலடைத்து முட்டையிடுவதை நிறுத்தினால், புழுவற்ற இடைவெளியில் தொற்றுச் சங்கிலி அறுபடும். வளர்ப்போர் கையாளும் வழிகளுள் அது முதன்மையானது. மனிதர்க்கு இவ்வைரசால் எத்தீங்கும் இல்லை. தேனை ஐயமின்றி உண்ணலாம்.

சாக்புரூட் வைரசின் முழு வரிசையும் முதன்முதலில் 1999இல் வெளியாயிற்று. அது 8,832 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. கொரோனா வைரசுக்கு ஏறத்தாழ முப்பதாயிரம் எழுத்துகள் என்றால், இது எவ்வளவு சிறியது என்பது விளங்கும். எங்கள் வங்கித் தொழிலில் ஒருவர் பதிந்த கணக்கை மற்றொருவர் சரிபார்த்த பின்னரே அது செல்லும். இவ்வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது அத்தகைய சரிபார்ப்பாளர் எவரும் இல்லை. பிழைகள் அப்படியே தங்குகின்றன. பெரும்பாலானவை பயனற்றுப் போகின்றன, சில நிலைக்கின்றன. அப்பிழைகளை ஒப்பிட்டே எந்த வைரஸ் எதற்கு உறவு என்று கிளை வரைகிறார்கள். ஆசியத் தேனீயில் வாழ்வன ஒரு கிளையாகவும், ஐரோப்பியத் தேனீயில் வாழ்வன மறுகிளையாகவும் பெரும்பாலும் பிரிந்து நிற்பது இவ்வாறுதான் தெரியவந்தது. தமிழ்நாட்டு அடுக்குத் தேனீயிலிருந்து எடுத்த வைரசின் முழு வரிசையை நம் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். பேரழிவு நேர்ந்து கால் நூற்றாண்டு கழித்தே அது நடந்தது என்பதை நாம் சற்று வருத்தத்துடன் குறிக்கவேண்டியுள்ளது.

ஐரோப்பியத் தேனீயின் கதை இதற்கு நேர்மாறானது. சாக்புரூட் அதனை இவ்வளவு வாட்டுவதில்லை. ஆனால் ‘வரோவா’ என்னும் உண்ணி அதற்குக் காலன். அவ்வுண்ணி ஆதியில் நம் ஆசியத் தேனீயின் மேல் வாழ்ந்தது. நம் தேனீ அதனைக் கடித்துத் தள்ளப் பழகியிருந்தது, ஐரோப்பியத் தேனீக்கு அப்பழக்கம் போதவில்லை. ஹவாய்த் தீவுகளில் இவ்வுண்ணி நுழைந்தபின் நடந்ததை 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. சிறகைச் சிதைக்கும் ஒருவகை வைரஸ், அதற்கு முன் பத்தில் ஒரு கூட்டத்தில் காணப்பட்டது, எல்லாக் கூட்டங்களிலும் பரவியது. பல வகைகளாய் இருந்த அவ்வைரஸ் ஏறத்தாழ ஒரே வகையாகச் சுருங்கியது. உண்ணி ஊசி போலிருந்து ஒரு வகைக்கு மட்டும் வழி திறந்துவிட்டது போலும்.

குமரியில் எஞ்சிய சில கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கியும், பாறைப் பொந்திலும் மரப்பொந்திலும் தாமாக வாழ்ந்தவற்றைப் பிடித்துப் பெட்டியில் குடியேற்றியும் வளர்ப்போர் தொழிலை மீட்டனர். சிலர் ஐரோப்பியத் தேனீக்கு மாறினர். நோய் முற்றும் ஒழியவில்லை. அவ்வப்போது தலைகாட்டுகிறது, ஆயினும் அன்றைய வேகம் இன்றில்லை. தாங்கும் திறன் பெற்ற கூட்டங்களின் வழித்தோன்றல்களே இன்று மிகுந்திருப்பது அதற்கு ஒரு காரணம்.

கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் தலைமையகம் நம் மும்பையின் விலே பார்லேயில் உள்ளது. தேனீப் பெட்டிகளை நாடெங்கும் கொண்டுசென்றதில் அதற்குப் பங்குண்டு. 2020இல் நடுவண் அரசு தேனீ வளர்ப்புக்கென 500 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. ஊரில் தம்பிக்கோ மைத்துனருக்கோ தேன்பெட்டிக் கடன் வாங்கித்தர எண்ணும் வாடிக்கையாளர்களிடம் நாம் சொல்வது இதுவே: கடன் கோப்பில் பெட்டி, சட்டம், புகைப்பான், தேன் பிழியும் எந்திரம் எல்லாம் விலையோடு இடம்பெறும், நோய் வந்தால் பெட்டி அப்படியே இருக்கும், தேனீ இராது. கூட்டம் எங்கிருந்து வாங்கப்படுகிறது, சென்ற ஆண்டு அங்கு நோய் இருந்ததா, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தார் பார்த்தார்களா என்பவற்றை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீடு உயிருள்ள கூட்டத்துக்கும் சேர்த்தா, பெட்டிக்கு மட்டுமா என்பதையும் கையொப்பமிடும் முன் படித்துப் பாருங்கள்.