பண்டை ஆற்றுப் படிவுகளிற் கிடைக்கிணறுகள்

மசகு எண்ணெய் நிலத்தினடியில் ஏரிபோலத் தேங்கி நிற்பதன்று. மணற்கல்லின் நுண்டுளைகளில் ஊறி நிற்பது. எனவே, கிணறு அம்மணலினுள் எவ்வளவு தூரம் செல்கின்றது என்பது முக்கியமாகின்றது. 30 மீற்றர் தடிப்புள்ள மணற்படையை நிலைக்குத்தாகத் துளைக்கும் கிணறு 30 மீற்றரளவிலேயே அதனைத் தொடும். கீழிறங்கிய பின் வளைந்து, படையின் வழியே செல்லும் கிணறோ 1000 மீற்றர் வரை அதனுள் இருத்தல் கூடும். இதுவே கிடைக்கிணறு எனப்படும். படை ஒருசீராக இருப்பின் இதன் பயன் முழுமையாகக் கிட்டும். ஆறுகள் இட்ட படிவுகள் ஒருசீரானவை அல்ல. அத்தகைய படிவுகளிற் கிணற்றுக்குரிய இடம் எவ்வாறு தெரியப்படுகின்றது என்பதைக் கனடாவின் அதபாஸ்கா எண்ணெய் மணலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

அல்பேட்டா மாகாணத்தின் வடகிழக்கிலுள்ள மக்மறி மணற்படிவு கிரேத்தேசியக் காலத்தின் முற்பகுதியில், பேராறுகளாலும் அவற்றின் கழிமுகங்களாலும் ஆக்கப்பட்டது. அதிலுள்ள பிற்றுமன் இயல்பான வெப்பநிலையிற் பாய்வதில்லை. அல்பேட்டாவின் எண்ணெய் மணலில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே மேலிருந்து அகழ்ந்தெடுக்கத்தக்க ஆழத்தில் உள்ளது. எஞ்சியதைப் பெறுதற்கு ரொஜர் பட்லர் என்னும் பொறியியலாளர் ஒரு முறையை வகுத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக, ஏறத்தாழ 5 மீற்றர் இடைவெளியில் இரு கிடைக்கிணறுகள் அமைக்கப்படும். மேற்கிணற்றின் வழியே செலுத்தப்படும் நீராவி பிற்றுமனை இளக்க, அது புவியீர்ப்பினாற் கீழ்க்கிணற்றுக்கு வடியும். எண்ணெய் மணலுக்குக் கீழேயுள்ள சுண்ணக்கல்லிற் சுரங்கங்கள் குடைந்து, அங்கிருந்து துளைக்கப்பட்ட 60 மீற்றர் நீளமான மூன்று சோடிக் கிணறுகளில் இம்முறை 1987 ஆம் ஆண்டு முதல் பரிசோதிக்கப்பட்டது.

இனி, ஆற்றின் செயலை நோக்குவோம். வளைந்து செல்லும் ஆறு வெளிவளைவின் கரையை அரித்து, உள்வளைவில் மணலைப் படியவிடும். ஆறு பக்கவாட்டில் நகருந்தோறும், சாய்ந்த படைகள் ஒன்றன்மேலொன்றாகச் சேரும். வெள்ளம் தணியுங் காலத்திலும் வற்றுப்பெருக்கின் தாக்கத்தாலும் அவற்றிடையே மெல்லிய களிப்படைகள் படியும். பொதுவாக, அடியிற் பருமணல் தூயதாகவும் மேலே செல்லச் செல்லக் களி மிகுந்தும் காணப்படும். ஆறு தன் வளைவொன்றைக் கைவிட்டு நேரே பாயும்போது அப்பழைய வளைவு களியால் நிரம்பும். ஆகவே, கிணறு ஒரே ஆழத்திற் சென்றாலும், நல்ல மணலிலிருந்து களியடைந்த பழைய வாய்க்காலினுள் புகுந்துவிடுதல் சாத்தியமே. அவ்வாறு புகுந்த பகுதி எண்ணெய் தராது.

களிப்படை நீராவியின் மேலேற்றத்தையும் தடுக்கும். தொடர்ச்சியான களிப்படையொன்று கிணற்றுக்குச் சற்று மேலே இருப்பின், அதற்கப்பாலுள்ள பிற்றுமன் வெப்பத்தைப் போதியளவு பெறாது. கீழ்க்கிணறு இயன்றளவு தாழ அமைதலும் வேண்டும். அதற்குக் கீழேயுள்ள பிற்றுமன் பெரும்பாலும் நிலத்திலேயே தங்கிவிடும். ஆயினும் ஆறு அரித்த அடித்தளம் சமமானதன்று. சில இடங்களில் அதன்மேல் நீர் நிறைந்த மணலும் உண்டு. அதனை அணுகினால் நீராவியின் வெப்பம் வீணாகும்.

இவற்றை முன்னறிதற்கு மூவகைச் சான்றுகள் துணையாகின்றன. செயற்கை அதிர்வலைகளைக் கொண்டு வரையப்படும் முப்பரிமாணப் படங்களில், மக்மறி ஆறுகளின் வளைவுகளும் கைவிடப்பட்ட வாய்க்கால்களும் தெளிவாகப் புலப்படுகின்றன. மெல்லிய களிப்படைகளை அவை காட்டா. அவற்றை அறிதற்கு, நிலைக்குத்தான ஆய்வுக்கிணறுகளில் எடுக்கப்படும் பாறை மாதிரிகள் வேண்டும். துளைக்கும்போது துளைமுனையின் பின்னுள்ள கருவிகள் காமாக் கதிர்வீச்சையும் மின்தடைத்திறனையும் அளக்கும். களி பொதுவாக மிகுந்த கதிர்வீச்சைத் தரும். பிற்றுமன் செறிந்த மணல் உயர்ந்த தடைத்திறனைக் காட்டும். இவற்றைக் கொண்டு கிணற்றின் பாதை அவ்வப்போது திருத்தப்படும்.

எனினும் அளவீடு தானாகப் பொருள் சொல்வதில்லை. ஆறு தன் கரையை இடித்தபோது உடைந்து வீழ்ந்த களித்துண்டுகள் மணலோடு கலந்து கிடப்பதுண்டு. அங்கும் கதிர்வீச்சு மிகும். ஆயின் துண்டுகளுக்கிடையேயுள்ள மணலினூடே நீராவி செல்லும். தொடர்ந்த களிப்படையோ நீராவியைத் தடுக்கும். ஏறத்தாழ ஒரே அளவீட்டைத் தரும் இவ்விரண்டையும் வேறுபடுத்துவது, பாறை மாதிரியையும் ஆற்றின் இயல்பையும் அறிந்தவரின் கண்ணே.

இவ்வறிவின் பெறுமதி பணத்தளவில் நிற்பதன்று. ஒரு பீப்பாய் பிற்றுமனுக்கு ஏறத்தாழ மூன்று பீப்பாய் நீரை ஆவியாக்குதல் பொதுவான அளவு. அதற்கு இயற்கை வாயு எரிக்கப்படுகின்றது. இடந்தவறிய கிணற்றில் இவ்விகிதம் உயரும். ஒவ்வொரு பீப்பாய்க்கும் கூடுதலான எரிபொருள் செலவாகிக் கரியமிலவாயுவும் கூடுதலாக வெளியேறும். நீண்ட கிணறு எல்லா இடத்தும் சிறந்த கிணறாகாது. ஆறு மணலை இட்ட இடத்தையும் களியை இட்ட இடத்தையும் பகுத்தறிந்து இடப்பட்ட கிணறே சிறந்ததாகும்.